சமையலறை ஜன்னலுக்குக் கீழே

கூசி ஏரி, மினசோட்டா
12 அக்டோபர் 1974

அன்புள்ள ரெய்னோ அண்ணனுக்கு,

தங்கை லெம்பி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் மூன்று வார்த்தைக்கு மேல் உன் வாயிலிருந்து வராது. அதனால்தான் கடிதம்.

உர்ஹோவைச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன். முப்பது வருஷம் இரும்புச் சுரங்கத்தில் தின்ற தூசி அவர் நெஞ்சைவிட்டுப் போகிற வழியாக இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ நிமோனியா வந்தா உங்க வீட்டுக்காரர் தாங்க மாட்டாரும்மா. குளிர்காத்து மேல படாம பாத்துக்குங்க" என்றார். வழி முழுக்க அது என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

இனி அவரால் விறகு பிளக்க முடியாது. ஆகஸ்டிலேயே விறகு அடுப்பை எடுத்துவிட்டு, சமையலறை மூலையில் காஸ் கணப்பு வைத்தோம். அதன் பக்கத்தில்தான் அவர் கட்டில். கணப்பு நன்றாகத்தான் எரிகிறது, ஆனால் இந்த வீட்டு ஜன்னல்கள் சல்லடை. நேற்று சட்டத்தருகே மெழுகுவர்த்தியைப் பிடித்தேன், சுடர் படுத்துக்கொண்டது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. ராத்திரியெல்லாம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னல் இடுக்குகளை அடைக்கிற ஆளுக்கு வசந்தம் வரை நேரமில்லையாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வேலை தெரிந்த இன்னொருவன் ஹில்யா அக்காவின் புருஷன் யால்மர். என் அக்காவையும் அவள் குழந்தையையும் கொன்றவன் என் வாசற்படியை மிதிக்க விடமாட்டேன். சாலைப் பனியைத் தள்ளுகிற பனிவண்டியை ஓட்டிக்கொண்டு அவன் இந்த வழியாகப் போகிறபோது நான் திரையை இழுத்துவிடுவேன்.

ஆகவே நானே செய்யப்போகிறேன். நீ பதினெட்டு வருஷம் செய்த வேலை. குளிரில் எப்படிச் செய்வது என்று எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
லெம்பி


ஹான்காக், மிச்சிகன்
19 அக்டோபர்

அன்புள்ள லெம்பிக்கு,

நலம். முட்டி பழையபடிதான். உர்ஹோவை விசாரித்ததாகச் சொல்.

தண்ணீர் கலந்த பசையை வாங்காதே. குழாயிலேயே உறைந்து வீணாகும். சிலிக்கோன் பசை கேள், விலை கூட என்று முனகாதே. தண்ணீர் உறைகிற புள்ளிக்கு மேலே எட்டு டிகிரியாவது இருக்கிற நாளாகப் பார். பத்து மணிக்கு முன்னால் ஏணியைத் தொடாதே. வெயில் படுகிற சுவரில் ஆரம்பி, வெயிலோடு நகர்ந்து போ.

சட்டத்து இடுக்கில் முன்பு பூசி இறுகிப்போன பழைய மக்கை முழுக்கச் சுரண்டி எடு. மரம் காய்ந்தமாதிரி தெரியும், நம்பாதே. கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். அதன்மேல் பசை வைத்தால் ஒரு வாரத்தில் தோலாக உரிந்து வரும். துணியைச் சாராயத்தில் நனைத்துத் துடை. தண்ணீரால் துடைக்காதே.

இரண்டு குழாயைக் கோட்டுக்குள் உடம்போடு வைத்துக்கொள். ஒன்று பசை பிழிகிற துப்பாக்கியில் இருக்கும்போது இன்னொன்று சூடாகட்டும். துப்பாக்கியின் விசையை ஒரே சீராக அழுத்து. பசையை நீவிவிட ஒரு கரண்டியின் பின்புறம் போதும். விரலை உபயோகிக்காதே.

வெளிச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றை மூடாதே.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே, கணப்பு வைத்தவன் சுவரில் ஒரு ஓட்டை போட்டிருப்பான். வெளியே தகர மூடி இருக்கும். அதைத் தொடவே தொடாதே. அது அப்படியே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ரெய்னோ


கூசி ஏரி
3 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நாய் முஸ்திகூட சுகம். உன் முட்டிக்கு ஆட்டுக்கம்பளி சுற்றச் சொல்லியிருந்தேனே, சுற்றினாயா?

ஆறு ஜன்னல் முடிந்தது. கோட்டின் மார்புப் பக்கம் இரண்டு குழாயைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறியதும் உள்ளேயிருந்து உர்ஹோ கண்ணாடியைத் தட்டினார். "என்னடி, நாப்பத்தேழு வயசுல புதுசா வளந்துருக்கு" என்று கத்துகிறார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அந்த இருமல் நிற்கிறவரை நான் ஏணியிலேயே நின்றேன்.

முதல் ஜன்னலில் நான் வைத்த கோடு, குடிகாரன் நடந்த தடம் போல இருக்கிறது. மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. சாராயம் வாங்கப் போனால் கடைக்காரர், "துடைக்கவா, குடிக்கவா?" என்று கேட்டார். "ஜன்னலுக்கு" என்றேன். நம்பவில்லை.

கொல்லையில் நீராவிக் குளியல் குடிலின் ஜன்னலில் நீ முன்பு வைத்த மக்கு இன்னும் இறுகிக் கிடக்கிறது. உன் வலது கட்டைவிரல் தழும்பு அதில் கையெழுத்து மாதிரி குறுக்கே விழுந்திருக்கிறது. விரல் வைக்காதே என்று எனக்குச் சொல்கிறாய், நீ மட்டும் வைத்திருக்கிறாய்.

ஒன்று கேட்கவேண்டும். அந்த ஓட்டையை ஏன் விடச் சொன்னாய்? உர்ஹோவின் கால்மாட்டுக்கு நேரே அது இருக்கிறது. குளிர் அதன் வழியாகத்தான் வருகிறது.

அன்புடன்,
லெம்பி


ஹான்காக்
10 நவம்பர்

அன்புள்ள லெம்பிக்கு,

நலம். இங்கே ஓரடிப் பனி.

கட்டிலைத் திருப்பிப் போடு. ஓட்டையைச் சொன்னபடி விட்டுவிடு. காரணமெல்லாம் எதற்கு.

ரெய்னோ


கூசி ஏரி
24 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. "எதற்கு" என்பதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறாய். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை.

எல்லா ஜன்னலும் முடிந்தது. கடைசி இரண்டும் உறைகிற குளிரில்தான் வைத்தேன். பசை வருவதற்குள் கை மரத்துவிட்டது. இப்போது மெழுகுவர்த்தி எங்கே பிடித்தாலும் சுடர் நேராக நிற்கிறது, அந்த ஓட்டை ஒன்றைத் தவிர. கட்டிலைத் திருப்பினால் உர்ஹோவின் தலை அங்கே வருகிறது. எதிர்ச்சுவரில் கணப்பு. இந்தச் சமையலறையில் திருப்ப வேறு இடம் ஏது?

நேற்று யால்மர் பனிவண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினான். இறங்கவில்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரையை இழுத்தேன். வரும் வெள்ளியோடு ஹில்யாவும் குழந்தை சிர்க்காவும் போய்ப் பதின்மூன்று வருஷம். வெளியே கிளம்புகிற அவசரத்தில், கங்கு அணையும் முன்பே புகைபோக்கிக் கதவை மூடி, நச்சுப்புகையை வீட்டுக்குள் அடைத்துவிட்டுப் போனவன், எந்த முகத்தோடு என் வீட்டைப் பார்க்கிறான்?

அண்ணா, நேராகக் கேட்கிறேன். ஓட்டையை மூடக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தால் எழுது, நான் தொடமாட்டேன். டிசம்பர் ஐந்து வரை காத்திருப்பேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையென்றால் காரணம் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். உர்ஹோவுக்கு மறுபடி இருமல் கூடுகிறது.

லெம்பி


கூசி ஏரி
8 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? உன் கடிதம் வரவில்லை. போன் கம்பியும் பனிக்கட்டிப் பாரத்தில் அறுந்து கிடக்கிறது.

ஆறாம் தேதி பின்லாந்தின் சுதந்திர நாளுக்கு வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தோம். அப்பா அம்மாவின் அந்த நாட்டைப் பார்த்திராத நமக்கும் அதை விட மனம் வருவதில்லையே. கீழே ஓட்டையிலிருந்து வந்த காற்றில் ஒன்று அணைந்துவிட்டது. உர்ஹோ, "போறது நான்தான்னு சொல்லுது" என்று சிரித்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், தகர மூடியைச் சுற்றி மிச்சமிருந்த குழாய் முழுவதையும் பிழிந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நான் வைத்ததிலேயே அழகான கோடு அதுதான்.

இப்போது வீடு அடுப்பங்கரைப் பூனை மாதிரி கதகதப்பாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் தலைவலி. அலைச்சலாக இருக்கும்.

லெம்பி


கூசி ஏரி
13 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

நான்கு நாளாகப் பயங்கரக் குளிர். கணப்பு ஓயாமல் எரிகிறது. முன்பு நீலமாக எரியும், இப்போது நல்ல ஆரஞ்சு நிறம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கம் தண்ணீர் ஓடுகிறது. பசை சரியாகப் பிடிக்கவில்லையோ? வெளியே பார்த்தேன், பிடித்துத்தான் இருக்கிறது.

காப்பி வாயில் வைக்க முடியவில்லை. தலைக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிறான். தபால் பெட்டிவரை நடந்தால் விட்டுவிடுகிறது, திரும்பி வந்தால் பிடித்துக்கொள்கிறது. சின்ன வயதில் கங்கு கனலும்போதே புகைபோக்கிக் கதவை மூடினால் கங்கு மயக்கம் வருமே, அதே போல. ஆனால் கங்கே இல்லாத வீட்டில் கங்கு மயக்கம் எப்படி வரும்? புகைபோக்கிக் கதவும் இல்லை, மூட. நானே சிரித்துக்கொண்டேன்.

முஸ்தி உள்ளே வரமாட்டேன் என்கிறது. விறகுக் கொட்டகையில் பனியில் படுக்கிறது. பிடித்து இழுத்தால் உறுமுகிறது. எட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து உறுமியதில்லை.

உர்ஹோ நிறையத் தூங்குகிறார். இருமல் குறைந்துவிட்டது. கன்னம் இரண்டும் கல்யாணத்தன்று இருந்ததுபோல் சிவந்திருக்கிறது. டாக்டர் பார்த்தால் ஆச்சரியப்படுவார்.

உன் முட்டி எப்படி இருக்கிறது? எழுத எழுத வரி சாய்கிறது. கொஞ்சம் படுத்துவிட்டு முடிக்கிறே


ஹான்காக்
17 டிசம்பர், மதியம்

லெம்பி,

புயலில் தங்கிப்போன தபால் இன்றுதான் வந்தது. உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. பின்னதை முதலில் பிரித்தேன். முடிக்காத கடிதத்தை யார் உறையில் போட்டது? நீயாகத்தான் இருக்கும். அன்றைக்கு நீ எழுந்திருக்கிறாய். நாலு நாள் முந்திய அந்த ஒரு நம்பிக்கையைத்தான் நான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கங்கு இல்லாவிட்டாலும் வரும் லெம்பி. எது எரிந்தாலும் அதற்கு மூச்சு வேண்டும். வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் உங்களுடையதை எடுத்துக்கொண்டு விஷத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்த ஓட்டை அதற்காகத்தான். இந்த ஒரு வரியை அக்டோபரில் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று நீ கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். உன் நவம்பர் கடிதத்துக்கு நாலு தடவை பதில் எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஹில்யா வீட்டை அந்த நவம்பரில் அடைத்தவன் நான். எல்லா ஜன்னலையும் அடைத்தேன். அடுப்புக்குப் பின்னால் கைமுஷ்டி அளவு ஒரு ஓட்டை இருந்தது. கட்டினவன் அசட்டையாக விட்டது என்று நினைத்து மக்கை உருட்டி வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். இரண்டு வாரம்தான். சேதி கேட்டு நான் ஓடியபோது எல்லோரும் உள்ளே அவர்களைச் சுற்றி நின்றார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய் அந்த மக்கைப் பெயர்த்துப் பனியில் எறிந்தேன். அதற்குப் பிறகுதான் ஷெரிஃப் வந்தார். வீட்டில் குறை ஒன்றும் இல்லை, ஆகவே யால்மர் புகைபோக்கிக் கதவைச் சீக்கிரம் மூடியிருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார். யால்மர், "நான் மூடல" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். கல்லறையில் நீ அவனைக் கொலைகாரா என்றாய். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதன்பிறகு அந்தப் பசைத் துப்பாக்கியை நான் கையில் எடுக்கவில்லை.

உன் போன் அடிக்கவே இல்லை. ஷெரிஃப் ஆபீஸில், சாலை மூடிக்கிடக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். உன் வீட்டுக்கு இரண்டு மைலில், பனியைத் தள்ளிக்கொண்டு வரக்கூடிய வண்டி வைத்திருப்பவன் ஒருவன்தான். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பனிவண்டிக் கொட்டகைக்குப் போன் போட்டேன்.

"நான் ரெய்னோ பேசுறேன்" என்றேன்.

"லெம்பி வீட்டுல" என்று ஆரம்பித்தேன்.

"ஓட்டைய அடைச்சிட்டாளா?" என்றான்.

நான் ஓட்டை என்று சொல்லவே இல்லை, லெம்பி. அவன் போனைக்கூட வைக்கவில்லை. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலை பஸ் உண்டு என்கிறார்கள். அதில் வருவதாக யால்மருக்குச் சொல்லும்படி ஷெரிஃப் ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். வருகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து நீ அதைப் படிக்கவேண்டும். படித்தபிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

ரெய்னோ


கூசி ஏரி, பனிவண்டிக் கொட்டகை
20 டிசம்பர்

ரெய்னோவுக்கு,

யால்மர் எழுதுவது. சுகம் விசாரித்து எழுத எனக்கு வராது. இரண்டு பேரும் மூச்சுவிடுகிறார்கள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. முஸ்தி வாசலில் நின்று ஊளையிட்டது. மண்வெட்டியால் சமையலறை ஜன்னலை உடைத்தேன். உன் தங்கை மேஜையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், கோபப்படக்கூடத் தெம்பில்லை. உர்ஹோவை மெத்தையோடு இழுத்துப் பனியில் போட்டேன். பிறகு இரண்டு பேரையும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உர்ஹோ ஒரு நாள் முழுக்கக் கண் திறக்கவில்லை. நேற்று திறந்தான். "எவன்டா ஜன்னலத் திறந்து வெச்சது, குளுருது" என்றான்.

1962 ஏப்ரலில் பனி உருகியபோது, வீட்டுக்குப் பின்னால் ஒரு மக்கு உருண்டை கிடைத்தது. அதில் உன் விரல் தழும்பு. அன்றே எனக்குத் தெரியும். ஒரு பொட்டுக் காற்றுகூட உள்ளே வரக்கூடாது என்று உன்னிடம் சொன்னவன் நான்தான். சிர்க்காவுக்குச் சளி. அதனால் நான் யாரிடமும் பேசவில்லை. போன மாதம் லெம்பி வீட்டு ஜன்னல்களைப் பார்த்தபோது இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். திரையை இழுத்துவிட்டாள். வந்துவிட்டேன். அது என் தப்பு.

பதினெட்டாம் தேதி பஸ்ஸில் நீ இல்லை. பத்தொன்பதிலும் இல்லை.

யால்மர்


கூசி ஏரி
12 ஜனவரி 1975

ரெய்னோ,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்தேன். மூன்று தடவை படித்தேன். மூன்று வாரம் பதில் எழுதக் கை வரவில்லை. அன்புள்ள என்று இன்றும் எழுத வரவில்லை, எழுதாமல் விட்டிருக்கிறேன்.

உர்ஹோ வீட்டுக்கு வந்துவிட்டார். சில பெயர்கள் மறந்துபோகின்றன. நேற்று என்னை ஹில்யா என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. இந்தக் கையால் பிழிந்த பசை அது. நீ சொல்லாதது உன் பாவம். காரணம் தெரியாமல் பிழிந்தது என்னுடையது. ராத்திரி மறுபடியும் அவர் மூச்சை எண்ணுகிறேன்.

யால்மரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கொட்டகை வாசலில் நின்று அழுதேன். "உள்ள வா, குளிருது" என்றான், அவ்வளவுதான். அந்த மக்கு உருண்டையைப் பழைய காப்பி டப்பாவில் வைத்திருக்கிறான். வாங்கிவந்து குளியல் குடிலின் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். ஒரே தழும்பு. பதின்மூன்று வருஷம் நான் அவனைப் பார்த்துத் திரையை இழுத்தேன். நீ கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இங்கே வந்து அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து நீராவிக் குளியல் போட்டாய்.

நீ அந்த பஸ்ஸில் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சாலை காரணமில்லை. யால்மர் இரண்டு நாளும் நிறுத்தத்தில் வண்டியோடு நின்றிருக்கிறான். பனியில் ஒரு ஆளை நடக்கவிட முடியாது என்றான்.

உடைந்த ஜன்னலுக்கு அவன் புதுக் கண்ணாடி போட்டுக்கொடுத்தான். சட்டத்தைச் சுற்றிப் பசை வைக்கவில்லை. "அது ரெய்னோ வேலை" என்றான். துணியை அடைத்து வைத்திருக்கிறேன். காற்று வருகிறது, வரட்டும். தகர மூடியைச் சுற்றி நான் வைத்ததைச் சுரண்டி எடுத்தாயிற்று. காலையும் மாலையும் அதன்முன் கையை வைத்துப் பார்க்கிறேன். குளிர் கையில் படுகிறவரை எனக்கு நிம்மதியில்லை.

சனிக்கிழமைகளில் குளித்துவிட்டு யால்மர் எங்களோடு சாப்பிடுகிறான். இந்தச் சனிக்கிழமை பஸ் மூன்று மணிக்கு வரும். அவன் நிறுத்தத்தில் நிற்பான். உன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வா. குழாயைக் கோட்டுக்குள் வைத்துக்கொள். அவன் ஏணியைப் பிடித்துக்கொள்வான். அந்தச் சட்டத்தை நீ அடைக்கிறபோது நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். முடித்துவிட்டு மேஜையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு. வேறு நாற்காலி இல்லை.

உன் முட்டிவலியை நேரில் விசாரித்துக்கொள்கிறேன்.

லெம்பி